பதிவில் மூடியிருக்கும் சலூன்

கடை மூடப்பட்டுக் கிடப்பதால் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க இயலாது என்று தெரிவிக்கும் கடிதம், சலூன்காரர் அதே கடையில் ஒருவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது. தபால்காரர் உள்ளே வந்து, காலியாக இருந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து, ஃபேன் காற்றில் கொஞ்சம் ஆசுவாசப்படுத்திக்கொண்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். சலூன்காரரின் கையெல்லாம் சோப்பு நுரை. அதனால் நாற்காலியில் இருந்த வாடிக்கையாளரே, பாதி நுரை முகத்தோடு, உறையைப் பிரித்துப் படித்தார்.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"கடை மூடியிருக்காம்."

"எந்தக் கடை?"

"இந்தக் கடைதான். நான் உக்காந்திருக்கேனே, இது."

சலூன்காரர் ஷட்டரைத் திரும்பிப் பார்த்தார். அது மேலேதான் சுருண்டிருந்தது. இருந்தாலும் நுரைக் கையோடு போய் அதை ஒரு தடவை எட்டித் தொட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். இரண்டு நாற்காலி, மூன்று கண்ணாடி, ஒரு ஷட்டர். இது போனால் வேறு எதுவும் இல்லை. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் முடிவு இறுதியாகும் என்று கடைசி வரி சொன்னது.

கடிதம் வந்தது நகரக் காட்சித் துறையிலிருந்து. அந்தத் துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நகரம் இருப்பது பார்ப்பதற்காக. பார்ப்பவர்கள் நேரில் வந்தால் குப்பை, கூட்டம், புகார். ஆகவே அவர்கள் வீட்டில் இருப்பதே எல்லோருக்கும் நல்லது. இதுதான் துறையின் கொள்கை. மூன்று வருடத்துக்கு முன் 'இருந்த இடத்தில் நகரம்' என்று ஒரு திட்டம் போட்டார்கள். செல்போனைத் தட்டினால் போதும். மியூசியம், மணிக்கூண்டு, நீரூற்று, பழைய கோர்ட்டு, எல்லாத் தெருவும் வீட்டுக்குள் வந்துவிடும். விரலால் தள்ளத் தள்ள நடந்துகொண்டே போகலாம். செருப்பு தேயாது.

திட்டம் வந்த பிறகு மியூசியத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே இருப்பதெல்லாம் போனிலேயே இருக்கும்போது கதவு எதற்குத் திறந்திருக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி என்று செய்திக்குறிப்பு சொன்னது. போனில் தெரியும் பதிவில் நீரூற்று பாய்வதால் நேரில் பாய்வதை நிறுத்தினார்கள். மியூசியம் வாசலில் ஒரு காவலாளியை மட்டும் விட்டுவைத்தார்கள். வெளியூரிலிருந்து தெரியாத்தனமாக நேரில் வந்துவிடும் ஜனங்களை அதட்டுவது அவர் வேலை.

"எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க? போன் இல்லையா வீட்டுல?"

"வந்ததுதான் வந்துட்டோம், ஒரு எட்டு உள்ள பாத்துட்டுப் போறோமே?"

"அங்க தள்ளி நின்னு போன்ல பாருங்க. கதவு பக்கத்துல நின்னு பாக்கக் கூடாது."

அவர்களும் கதவிலிருந்து பத்தடி தள்ளி நின்று, போனில் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வண்டியேறினார்கள். எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்த சலூன்காரர் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவர்தான். மற்றவர் வயிற்றில் அடிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது, வேறென்ன.

அவர் தலையில் கல் விழுந்தது இப்படித்தான். மூன்று வருடத்துக்கு முன் தெருவைப் படம் பிடிக்க வந்த அன்று காலை துறையின் ஆள் ஒருவர் கடைகடையாக ஒரு துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டு போனார். 'நகரத்தின் இயல்பான அழகு வெளிப்படும் வண்ணம், இன்று கடைகளை மூடி, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாமல் ஒத்துழைக்கவும்.' சலூன்காரர் சொன்ன பேச்சைக் கேட்கிற மனுஷர். பாதி வெட்டிய தலையை அவசர அவசரமாக முடித்து அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினார். முதுகில் கம்பமும் கம்பத்தின் உச்சியில் பூசணிக்காய் அளவு கேமராவுமாக ஒருவர் தெருவில் நடந்து போனார். பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் இப்போது தெரு.

ஏனென்றால், உரிமம் வழங்கும் ஆய்வாளர்களும் வீட்டிலிருந்தபடியே தெருத்தெருவாகத் தள்ளிப் பார்த்து ஆய்வு செய்யலாம் என்று போன வருடம் உத்தரவாகிவிட்டது. அடுத்த கடையான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று சீட்டைப் படிக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே ஷட்டரை மூட மறந்துபோனார். அவர் கடை பதிவில் திறந்திருக்கிறது. மனுஷர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய் இரண்டு வருடம் ஆகிறது. உரிமம் மட்டும் தவறாமல் வந்து, பூட்டிய கதவுக்கு அடியில் விழுந்துகொண்டிருக்கிறது. சென்ற முறை 'தொடர்ந்து கடையைத் திறந்து வைத்திருப்பதற்கு' பாராட்டுக் கடிதமும் கூட வந்தது.

சலூன்காரரின் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சீட்டு எழுதுபவர். நாள் முழுக்க ஜனங்களின் பொறுமையின்மையைப் பார்த்துப் பழகியவர். கடிதத்தைப் படித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு விஷயமா? நேர்ல போய் நின்னு, சார், கடை திறந்திருக்குன்னு சொல்லுங்க. முடிஞ்சுது," என்றார்.

நேரில் போனார். துறையின் அலுவலகம் நாலு மாடி, முழுக்கக் கண்ணாடி. வாசலில் ஒரு பெண் மட்டும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அதிகாரியப் பாக்கணும்மா."

"எல்லாரும் வீட்டுல இருக்காங்க."

"இன்னிக்கு லீவா?"

"லீவு இல்ல. வேலை. நீங்களும் வீட்டுக்குப் போய் அங்கேருந்து ஆபீசுக்கு வாங்க."

"அதான் வந்துட்டேனேம்மா?"

"இப்படி வரக் கூடாது. போன் வழியா வரணும்."

வீட்டுக்குப் போய் மனைவியின் போனில் அலுவலகத்துக்கு வந்தார்கள். நாலு மாடி, முழுக்கக் கண்ணாடி. வாசலில் அதே பெண், இந்த முறை சிரித்த முகத்தோடு. விரலால் தள்ளியதும் உள்ளே கூடம் விரிந்தது. 'ஆட்சேபங்கள்' என்று பலகை தொங்கும் கவுன்ட்டர். அதற்கு முன்னால் ஏழு பேர் கொண்ட வரிசை. கடைசியில் நீலச் சட்டை போட்ட ஒரு தடியர். கணவனும் மனைவியும் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. மனைவி போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தார்.

"என்னங்க, இந்த நீலச் சட்டை நகரவே மாட்டேங்குது?"

"முன்னாடி இருக்கிறவன் நகந்தாதானே இவன் நகருவான்."

"முன்னாடி இருக்கிறவன் கொட்டாவி விட வாயைத் தெறந்தான். நான் சோறு வடிச்சுட்டு வந்துட்டேன், இன்னும் மூடலை."

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. அது படம் பிடித்த அன்று நின்ற வரிசை. பாவம், அந்த ஏழு பேரும் மூன்று வருடமாக நிற்கிறார்கள். தாண்டிப் போகலாமா என்றால், போன் ஒவ்வொரு முறையும் 'தயவுசெய்து வரிசையில் வரவும்' என்றது. சலூன்காரர் போனை அணைத்துக் குப்புற வைத்தார்.

மனைவி விடவில்லை. பரிசோதனை நிலையத்துக்கு ரத்தம் கொடுக்க வரும் யாரையோ பிடித்து, அவர் மூலம் வேறு யாரையோ பிடித்து, ஆட்சேபப் பிரிவு அலுவலரோடு போனில் முகம் பார்த்துப் பேச நேரம் வாங்கிவிட்டார். சலூன்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடை நடுவில் நின்று பேசினார். பின்னால் நாற்காலி, கண்ணாடி, காத்திருக்கும் இரண்டு பேர் எல்லாம் தெரியும்படி.

"பாருங்க சார். கடை திறந்திருக்கு. ஆளுங்க உக்காந்திருக்காங்க. சார், நீங்க கையை ஆட்டுங்க." காத்திருந்தவர்கள் கையை ஆட்டினார்கள்.

அலுவலர் ஆடும் கைகளை அனுதாபத்தோடு பார்த்தார். "நீங்க காட்டுறது இன்னிக்கு உள்ளது. நாளைக்கு மாறலாம். பதிவு மாறாது. மாறாததை வெச்சுத்தானே சார் நாங்க முடிவு எடுக்க முடியும்?"

"நீங்கதானே சார் மூடச் சொன்னீங்க? இதோ உங்க சீட்டு."

அலுவலர் சீட்டைப் போனில் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தார். முகம் மலர்ந்தது. "ஆமா, எங்க சீட்டுதான். மூடச் சொல்லியிருக்கோம். திரும்பத் திறக்கச் சொல்லி எங்கயாவது இருக்கா?"

சலூன்காரர் சீட்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"எந்த அனுமதியில மூணு வருஷமா திறந்து வெச்சிருக்கீங்கன்னு நாங்க இன்னும் கேக்கலை. அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க," என்ற அலுவலர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது கிடக்கட்டும். வீட்டுக்கு வந்து முடி வெட்டுவீங்களா? எனக்கு இல்ல. எங்க இயக்குநருக்கு. நாளன்னிக்கு அவருக்கு விருது குடுக்கறாங்க. பதிவுல தேடித் தேடிப் பாத்துட்டாரு, நம்ம ஊர்ல ஒரு சலூன்கூடத் திறந்திருக்க மாட்டேங்குதாம்."

இயக்குநரின் வீடு ஏரிக்கரையில் இருந்தது. ஏரியைப் பார்த்தபடி சுவர் அகல ஜன்னல். அதற்குக் கனத்த திரை போட்டு மூடி, திரைக்கு முன்னால் ஒரு பெரிய டிவி வைத்து, டிவியில் அதே ஏரியை ஓடவிட்டிருந்தார். தலைமுடி தோளில் புரண்டது. சலூன்காரர் துணியைப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, சீப்பால் வாரி, வெளிச்சம் போதவில்லையே என்று திரையைக் கொஞ்சம் விலக்கினார்.

"மூடுங்க, மூடுங்க. அந்த ஏரி சரியில்ல. கலர் கம்மி."

சலூன்காரர் மூடினார். வலது பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினார். இப்படி ஒருவர் தலை கையில் கிடைக்கும்போது அவரிடம் பேசுவது எளிது என்பது தொழில் கற்றுக்கொடுத்தது. கடிதத்தைச் சொன்னார், சீட்டைச் சொன்னார், வரிசையில் நின்றதைச் சொன்னார். எனக்கு வேறு பிழைப்பு தெரியாது சார் என்றார்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், நாளன்றைக்குப் பேச வேண்டியதை இப்போதே ஒத்திகை பார்ப்பவர் போல ஆரம்பித்தார்.

"உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒரு கடையைப் பத்திப் பேசறீங்க. நான் ஒரு நகரத்தைப் பத்திப் பேசறேன். இந்த நகரத்துல முன்னாடி என்ன இருந்தது? வெயில் இருந்தது, ஈ இருந்தது, ஜனங்க இருந்தாங்க. ஒரு படம் எடுத்தா குறுக்க நாலு பேர். இன்னிக்குப் பாருங்க, இருபது லட்சம் பேர் நம்ம நகரத்தைப் பாத்திருக்காங்க. ஒருத்தர்கூட வரலை. உலகத்துல வேற எந்த ஊருக்கு இந்தப் பெருமை உண்டு? பாக்கறவங்க எழுதறாங்க, உங்க ஊர்ல எவ்ளோ அமைதின்னு. அந்த அமைதியைக் கெடுக்கிற மாதிரி நீங்க கடையைத் திறந்து வெச்சா, நாங்க பொய் சொன்ன மாதிரி ஆகாதா? ஒரு அரசாங்கத்தைப் பொய்யாக்கறது சின்னக் குத்தமா?"

"ஆனா நான் இருக்கேனே சார். இதோ உங்க தலையில கை வெச்சுக்கிட்டு நிக்கிறேனே."

"இருக்கீங்க. யாரு இல்லேன்னாங்க? பதிவுல இல்ல, அவ்ளோதான். இதை ஏன் சொந்த விஷயமா எடுத்துக்கறீங்க? அந்தக் காது பக்கம் கொஞ்சம் ஒட்ட வெட்டுங்க."

சலூன்காரரின் கத்தரி நின்றது. வலப்பக்கம் படிய வெட்டி, காதோரம் ஒதுக்கி, லட்சணமாக இருந்தது. இடப்பக்கம் தோள்வரை தொங்கியது. அவர் போர்த்திய துணியை எடுத்து உதறினார். சீப்பைத் துடைத்தார். எல்லாவற்றையும் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"என்ன, முடிஞ்சுதா?"

"இல்ல சார். பதிவுப்படி நான் கடையை மூடியாச்சு."

வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் உடம்பு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இருபது லட்சம் பேர் பார்க்கப் போகிறார்கள், பார்க்கட்டும், என்று இருவரும் விருது நாளுக்காகக் காத்திருந்தார்கள். அன்று மத்தியானம் மனைவி வேலைக்கு அரை நாள் லீவு கூடப் போட்டார்.

விழா போனில் நடந்தது. மேடை பதிவு, மாலை பதிவு, கைதட்டலும் பதிவு. இயக்குநர் தோன்றினார். கருகருவென்று, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டி, நேர் வகிடு எடுத்த தலை. மூன்று வருடத்துக்கு முந்தைய முகம். குரல் மட்டும் இன்றையது. நேரில் பார்ப்பதை நம்பாதீர்கள் என்று அந்த முகம் வாயை அசைக்காமல் பேசியது.

மனைவி போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். "என்னங்க, வெட்டினதே தெரியலையே?"

சலூன்காரருக்கு அவமானமாக இருந்தது. கோபத்தைக்கூட இவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது போலிருக்கிறதே என்று இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைக்கு முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் உத்தரவு. இன்னொருவர் கையில் ஒரு பூட்டு. பெரிய பூட்டு, தேங்காய் அளவு இருக்கும். படம் பிடித்த அந்த நாளுக்குப் பிறகு அந்தத் துறையிலிருந்து நேரில் வந்த முதல் ஆசாமிகள் அவர்கள்தான். கடைக்குள் ஒருவர் கழுத்தில் துணியோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பின்கழுத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கடையைப் பூட்டணும்ணே. உத்தரவு," என்றார் பூட்டுக்காரர்.

"ஏம்ப்பா, எல்லாரும் வீட்டுல இருந்துதானே வேலை பாக்கறாங்க? நீங்க மட்டும் ஏன் நேர்ல வந்தீங்க?"

"வீட்டுல இருந்து பூட்டிப் பாத்தாங்கண்ணே. பூட்டலை." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "இது ஒண்ணுக்குத்தான் எங்களை வெச்சிருக்காங்க."

"பதிவுல இந்தக் கடை ஏற்கெனவே மூடித்தானே இருக்கு. மூடின கடைக்கு எதுக்குப் பூட்டு?"

பூட்டுக்காரர் உத்தரவை வைத்திருந்தவரைப் பார்த்தார். அவர் தாளைப் புரட்டி, "மூடின கடையை யாரும் திறந்துடக் கூடாதுன்னு," என்று படித்தார். பிறகு அவரே ஷட்டரின் கொக்கியில் கை வைத்தார்.

"சார், உள்ள ஆள் இருக்காரு!"

உத்தரவுக்காரர் தன் போனை எடுத்துத் தட்டி, தெருவைத் தள்ளித் தள்ளி, கடையைக் கண்டுபிடித்து உற்றுப் பார்த்தார். "இதுல யாரும் இல்லையே."

கழுத்தில் துணியோடு இருந்தவர் அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். அவர் பின்கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டியிருந்தது. சலூன்காரர் அவரிடம் மன்னிப்புக் கேட்டார், துணியை வாங்கிக்கொண்டார், ஷட்டர் இறங்குவதைப் பார்த்தார். பூட்டு சாவியே இல்லாமல் ஒரு அழுத்தில் பூட்டிக்கொண்டது. சாவி எங்கே என்று கேட்டதற்கு, சாவி என்று ஒன்று ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். பூட்டுக்காரர் வேனில் ஏறும்போது தன் சடைமுடியைத் தடவிக்கொண்டு, "உங்க கையால ஒரு தடவை வெட்டிக்கணும்னு இருந்தேண்ணே," என்றார். வேன் போய்விட்டது.

அடுத்த நாள் சலூன்காரர் காலையில் குளித்தார், சட்டை போட்டார், செருப்பை மாட்டினார், பிறகு கழற்றினார். போக இடமில்லை. மனைவி வேலைக்குக் கிளம்பும் வேளை. வீட்டில் மனுஷர் இப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், தன் போனை அவரிடம் கொடுத்து, "கொஞ்ச நேரம் ஏதாவது பாத்துக்கிட்டு இருங்க, டிபன் கட்டிட்டு வரேன்," என்றார்.

அவர் விரல் தானாகவே அந்தத் தெருவுக்குப் போயிற்று. மியூசியம், நீரூற்று, மூக்குக்கண்ணாடிக் கடையின் பாதி திறந்த ஷட்டர், பிறகு தன் கடை. மூடியிருந்தது. 'இந்தத் தெருவின் அமைதி இதன் தனிச்சிறப்பு. இங்குள்ளவர்கள் ஓய்வை விரும்புபவர்கள்,' என்றது ஒரு தேன் குரல். அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். வேறு எங்கேயும் தள்ளவில்லை. ஒருவர் ஓர் இடத்தில் இவ்வளவு நேரம் நிற்பது நல்ல அறிகுறி என்று போன் எடுத்துக்கொண்டது போலும். ஒரு கேள்வி கேட்டது.

'தங்கள் அனுபவம், இவ்விடத்தை நேரில் பார்ப்பது போலவே இருந்ததா?'

கீழே இரண்டு பொத்தான்கள். ஆம். இல்லை.

சலூன்காரர் பொய் சொல்லிப் பழகாதவர். இறங்கிய ஷட்டரைப் பார்த்தார். ஆளில்லாத தெருவைப் பார்த்தார். நேரில் இப்போது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். ஒரு வித்தியாசமும் தோன்றவில்லை. அழுத்தினார். துறையின் சார்பில் நன்றி என்று போன் ஒரு பூங்கொத்தைக் காட்டியது.

மனைவி டிபன் பையோடு வந்து எட்டிப் பார்த்தார். "அந்தப் பாவிங்களுக்கா பதில் போடறீங்க? என்ன போட்டீங்க?"

"உள்ளதைத்தாம்மா போட்டேன்," என்றார் சலூன்காரர்.